பழைய புல்லட்டின் 4 கியர் பாக்ஸ்: கியர் விழாத கோளாறுகள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு 350 புல்லட்டின் கியர் பாக்ஸை இதுவரை நான்கு முறை பிரித்து மாட்டியிருக்கிறேன். அதில் இரண்டு முறை பிரித்திருக்கவே வேண்டாம் என்று பின்னால் தெரிந்தது. அந்த இரண்டு முறையும் மற்றவர்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே, நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்த வண்டிக்கு இந்தக் குறிப்புகள் பொருந்தும்?

திருவொற்றியூரில் செய்த, வலது காலில் கியர் மாற்றும் 4 கியர் புல்லட்டுக்கு. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பெடலுக்குப் பின்னால் குதிகாலால் மிதிக்கும் குட்டி நியூட்ரல் லிவர் ஒன்று இருக்கும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் இருந்த என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியபோது இந்த வண்டியோடு இந்தப் பெட்டியும் இங்கே வந்தது. வடிவமைத்தது பர்மிங்காமின் ஆல்பியன் நிறுவனம். ரெடிச் மூடிய பிறகும் பல பத்தாண்டுகள் இங்கே அதே பெட்டி உருவாகிக்கொண்டிருந்தது. 500 சிசி வண்டியின் 4 கியர் பெட்டிக்கும் கீழே உள்ளவை பெரும்பாலும் பொருந்தும். இடது காலில் மாற்றும் 5 கியர் பெட்டி வேறு கதை, அதற்கு இதைப் பார்க்க வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் சரி செய்ய முடியாதா?

முடியும். ஆனால் இது தெரிந்துவிட்டால் பாதிக் கோளாறு பெடலில் கால் வைத்ததுமே புரிந்துவிடும்.

பெட்டிக்குள் இரண்டு தண்டுகள். மேலே மெயின் ஷாஃப்ட், கீழே லே ஷாஃப்ட். என்ஜினின் சுழற்சி கிளட்ச் வழியாக மெயின் ஷாஃப்டுக்கு வருகிறது. மெயின் ஷாஃப்டின் இடது முனையில், அதன்மேல் சட்டை போட்டது போல ஸ்லீவ் கியர் உட்கார்ந்திருக்கும். பின் சக்கரத்துச் சங்கிலி ஓடும் ஸ்ப்ராக்கெட் அந்த ஸ்லீவ் கியரில்தான் மாட்டியிருக்கிறது. 4ஆம் கியரில் மெயின் ஷாஃப்டும் ஸ்லீவ் கியரும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுழலும். மற்ற மூன்றிலும் சுழற்சி லே ஷாஃப்டுக்கு இறங்கி, மறுபடி ஸ்லீவ் கியருக்கு ஏறி வரும்.

கியர் மாற்றுவது ஒரே ஒரு ஃபோர்க். அது இரண்டு தண்டுகளிலும் உள்ள நகரும் கியர்களைச் சேர்த்துப் பிடித்து ஒரே கோட்டில் இப்படியும் அப்படியும் தள்ளுகிறது. கியரின் பக்கவாட்டில் நிற்கும் தடித்த பற்களை டாக் என்பார்கள். அவை எதிர்க் கியரின் டாக் இடைவெளியில் நுழைந்தால் கியர் விழுந்தது என்று பொருள். ஃபோர்க் ஒவ்வொரு கியருக்கும் சரியான இடத்தில் நிற்க, பிளஞ்சர் என்ற ஸ்பிரிங் வைத்த ஆணி ஒன்று பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். நியூட்ரலுக்கு உரிய பள்ளம் ஆழம் குறைந்தது.

இவ்வளவும் உள்பக்கம். பெடல் அசைவை ஃபோர்க்குக்குக் கொண்டு போகும் ராட்செட், அதன் ஸ்பிரிங், அசைவுக்கு எல்லை வைக்கும் ஸ்டாப் பிளேட் எல்லாம் உள்மூடிக்கு வெளியே, வலப்பக்கத்து வெளிமூடிக்குள் இருக்கின்றன. கோளாறு உள்ளேயா வெளியேயா என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

கியர் சரியாக விழவில்லை. பெட்டியைப் பிரித்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். முதலில் கிளட்ச், அப்புறம் ராட்செட், அதற்கும் பிறகுதான் உள்ளே. என் அனுபவத்தில் கியர் பாக்ஸ் என்று சொல்லி வரும் வண்டிகளில் கிளட்ச் கோளாறுதான் அதிகம்.

ஓர் எளிய சோதனை. என்ஜினை நிறுத்திவிட்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒரு கையால் பின் சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே மறு கையால் பெடலை அழுத்துங்கள். நான்கு கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்து, ஒவ்வொன்றிலும் 'டக்' என்று பிளஞ்சர் உட்காரும் சத்தம் தெளிவாகக் கேட்டால் பெட்டிக்குள் பெரிய கோளாறு இல்லை. என்ஜின் ஓடும்போது மட்டும் கடிக்கிறது என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. நின்ற நிலையிலேயே ஒரு குறிப்பிட்ட கியர் விழவில்லை என்றால் ராட்செட்டைப் பாருங்கள்.

கிளட்சில் எதைப் பார்க்க வேண்டும்?

காலையில் முதல் முறை கியர் போடும்போது மட்டும் 'கரக்' என்று கடித்தால் பிளேட்டுகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை கிக்கரை மிதியுங்கள், பிரிந்துவிடும். இது கோளாறே அல்ல, பழைய புல்லட்டின் அன்றாடப் பழக்கம்.

நாள் முழுக்கக் கடிக்கிறது, சிக்னலில் நியூட்ரல் கிடைக்கவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள். கிளட்ச் லிவரில் 2, 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் தள்ளுகம்பி போதுமான தூரம் போகாது. தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும், கம்பியின் முனையும் சூடேறித் தேயும். மெயின் ஷாஃப்டின் நடுத்துளையில் ஓடும் அந்தக் கம்பியின் முனைகளைக் கழற்றிப் பாருங்கள். நீலம் பாய்ந்து காளான் தலை போல விரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்து, இடப்பக்க மூடியைக் கழற்றிவிட்டு ஒருவர் கிளட்சைப் பிடிக்க, நீங்கள் பிரஷர் பிளேட்டை, அதாவது கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் வெளித்தகட்டை, உற்றுப் பாருங்கள். அது சுற்றிலும் ஒரே அளவாக எழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுந்தால், மறு பக்கத்தில் பிளேட்டுகள் இன்னும் உரசிக்கொண்டிருக்கும். சிலர் ஸ்பிரிங் ஸ்குரூக்களைத் தளர்த்தி இறுக்கிச் சமன் செய்யப் பார்க்கிறார்கள். இந்தக் கிளட்சில் அதற்கு இடமில்லை. ஸ்குரூக்களை முழுக்க இறுக்கிவிட வேண்டும், உள்ளே இருக்கும் குழாய்த் துண்டுகள்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. சமமாக எழவில்லை என்றால் ஸ்பிரிங்குகளை ஒரு செட்டாக மாற்றுங்கள். இரும்பு பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் வைத்து, வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கியரை ஏற்றும்போது சரியாக இருக்கிறது, இறக்கும்போது கியர் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

ஒரு திசையில் மட்டும் தகராறு என்றால் தொண்ணூறு பங்கு ஸ்டாப் பிளேட்தான். வெளிமூடியைக் கழற்றினால் நீள்துளை வழியாக இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கும் ஒரு தகடு தெரியும். பெடல் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது அதுதான். அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் ராட்செட்டின் பல் அடுத்த பல்லைப் பிடிக்காமல் வழுக்கிவிடும். பெடல் போகும், கியர் போகாது.

வண்டியை 2ஆம் கியரில் போடுங்கள். இரண்டு போல்ட்டுகளையும் கழற்றாமல், தகடு லேசாகத் தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். இப்போது பெடலை விரலால் மெதுவாக மேலே தூக்குங்கள். ராட்செட் பல்லைத் தொடும் இடத்தில் விரலுக்கு ஒரு சின்னத் தடை தெரியும். அதே போலக் கீழே அழுத்தித் தடை எங்கே வருகிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் சமமான தூரத்தில் தடை வர வேண்டும். ஒரு பக்கம் சீக்கிரமும் மறு பக்கம் தாமதமாகவும் வந்தால், மரச் சுத்தியலால் தகட்டைத் தட்டி நகர்த்தி மறுபடி பாருங்கள். சமமானதும் போல்ட்டுகளை இறுக்கி, இறுக்கிய பிறகும் ஒரு தடவை பாருங்கள், இறுக்கும்போது தகடு கொஞ்சம் இழுபடும். வெளிமூடியை மாட்டுவதற்கு முன்பே பெடலைத் தற்காலிகமாக வைத்து நான்கு கியரும் இருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிடுங்கள்.

நான் முதல் முறை பெட்டியைப் பிரித்தது 3இலிருந்து 2க்கு இறங்கவில்லை என்பதற்காக. இரண்டு நாள் வேலை, புது புஷ்கள் (தண்டு சுழலும் துளைக்குள் போடும் உலோக வளையங்கள்), புது பேக்கிங் (மூடியின் இடுக்கில் ஒழுகாமல் இருக்க வைப்பது). மாட்டிய பிறகும் அதே கோளாறு. கடைசியில் தெருவில் இருந்த ஒரு பெரியவர் இந்தத் தகட்டைக் காட்டினார். பத்து நிமிடத்தில் முடிந்தது.

பெடலை அழுத்தினால் அங்கேயே நின்றுவிடுகிறது.

திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் உடைந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். வெளிமூடிக்குள்தான் இருக்கிறது, பிரிக்க வேண்டாம். விலையும் மிகக் குறைவு, நீளப் பயணத்துக்குப் போகிறவர்கள் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. ஸ்பிரிங் நன்றாக இருந்தும் பெடல் திரும்பவில்லை என்றால், பெடல் ஷாஃப்ட் ஓடும் துளையில் பழைய கிரீஸ் இறுகிப் பிசினாகியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவிப் புது எண்ணெய் விடுங்கள்.

ஓடும்போது கியர் தானாகக் கழன்றுவிடுகிறது. ஏன்?

இங்கேதான் பெட்டியைத் திறக்க வேண்டி வரலாம். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: ஆக்சிலரேட்டரைத் திருகும்போது கழல்கிறதா, விடும்போது கழல்கிறதா? டாக்கின் ஒரு பக்கம் திருகும்போது சுமை தாங்குகிறது, மறுபக்கம் விடும்போது. எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று இதிலேயே ஊகிக்கலாம்.

முதலில் பிளஞ்சர் ஸ்பிரிங்கைச் சோதியுங்கள். வருடக்கணக்கில் அழுந்திக் கிடந்த ஸ்பிரிங் நீளம் குறைந்துவிடும். புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். பிளஞ்சர் தன் துளையில் தடையில்லாமல் ஓட வேண்டும். அதன் தலை தட்டையாகத் தேய்ந்திருந்தால் பள்ளத்தில் சரியாக உட்காராது. எங்கள் வண்டியில் யாரோ ஒரு மெக்கானிக் கியர் மிருதுவாக விழ வேண்டும் என்று பிளஞ்சர் தலையை அரத்தால் தேய்த்து வைத்திருந்தார். மிருதுவாக விழுந்தது, அதே மிருதுவாகக் கழன்றது.

அப்புறம் டாக்குகள். புதிய டாக்கின் விளிம்பு விரல் நகத்தைக் கீறும் அளவுக்குக் கூராக இருக்கும். தேய்ந்தது கூழாங்கல் மாதிரி உருண்டிருக்கும். உருண்ட விளிம்பு சுமை வந்ததும் எதிர்க் கியரை விலக்கித் தள்ளும், பிளஞ்சரால் அதைப் பிடித்து வைக்க முடியாது. இப்படித் தேய்ந்தால் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் சீக்கிரம் தின்றுவிடும்.

ஃபோர்க்கைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். வளைந்த ஃபோர்க் கியரை முழு ஆழத்துக்குக் கொண்டு போகாது, டாக் பாதி மட்டுமே பிடிக்கும். முனையில் நீல நிறம் இருந்தால் உராய்ந்து சூடேறியிருக்கிறது, மாற்றுவதே சரி. ஃபோர்க்கைச் சுத்தியலால் நிமிர்த்தி மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நெடுஞ்சாலையில் 3ஆம் கியரில் லாரியை முந்தும்போது அது மறுபடி வளைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேரிங்குகளும் புஷ்களும் ஆடினால் தண்டுகள் சாய்ந்து இதே கோளாறு வரும். லே ஷாஃப்டின் வலது முனை கிக்கர் ஷாஃப்டுக்குள் உள்ள புஷ்ஷில் ஓடுகிறது. பலர் இந்த புஷ்ஷை மறந்துவிடுகிறார்கள், அதையும் ஆட்டிப் பாருங்கள்.

கியருக்கும் கியருக்கும் நடுவில் பொய் நியூட்ரல் வருகிறதே?

ஒரே ஃபோர்க் ஒரே கோட்டில் நகர்வதால், ஒரு டாக் விட்டு இன்னொரு டாக் பிடிக்கும் இடைவெளியில் எதுவும் பிடிக்காத ஓர் இடம் இருந்தே தீரும். புதிய பெட்டியிலும் இது உண்டு. காலைத் தயங்காமல், பெடல் எல்லை தொடும் வரை அழுத்தி, கியர் விழுந்த பிறகே எடுங்கள். தட்டிவிட்டு எடுத்தால் பொய் நியூட்ரலில்தான் நிற்கும். நன்றாக மாற்றிப் பழகிய ஒருவர் ஓட்டியும் அடிக்கடி வந்தால் ஸ்டாப் பிளேட்டும் பிளஞ்சர் ஸ்பிரிங்கும்தான் காரணம்.

பொய் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் என்ஜினை அலறவிட்டு பெடலை மிதிக்காதீர்கள். கிளட்சைப் பிடித்து, வேகத்துக்கு ஏற்ற கியரை மெதுவாகத் தேடுங்கள். டாக் விளிம்புகள் உருள்வதற்கு அலறும் என்ஜினோடு கியர் போடுவதும் ஒரு காரணம்.

நியூட்ரல் லிவர் வேலை செய்யவில்லை.

முதல் கியரிலிருந்து மிதித்தீர்களா? அதிலிருந்து அது வேலை செய்யாது, அமைப்பே அப்படி. 2, 3, 4 ஆகியவற்றிலிருந்து கிளட்சைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் மிதித்தால் நேராக நியூட்ரல் வர வேண்டும். வராவிட்டால் மேலே சொன்ன கிளட்ச் சோதனைகளுக்குத் திரும்புங்கள்.

புது புஷ் போட்ட பிறகு, வண்டி சூடானதும் நியூட்ரலிலேயே முன்னால் நகரப் பார்க்கிறது. இது எப்படி?

ஸ்லீவ் கியர் புஷ் இறுக்கமாக இருக்கிறது. மெயின் ஷாஃப்ட் ஸ்லீவ் கியருக்குள் தனியாகச் சுழல வேண்டும். புஷ்ஷை அழுத்தி ஏற்றும்போது அதன் உள்துளை கொஞ்சம் சுருங்கும். அதை ரீமரால் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) அளவுக்குக் கொண்டு வராமல் மாட்டினால், குளிர்ந்திருக்கும்போது ஓடும், சூடேறியதும் மெயின் ஷாஃப்டைப் பிடிக்கும். பிடித்தால் 4ஆம் கியர் அரைகுறையாகப் போட்டது போலத்தான், ஸ்ப்ராக்கெட் சுழலத் தொடங்கும். அப்படியே ஓட்டினால் புஷ் இறுகி, பின் சக்கரமே நின்றுவிடும் அபாயம் உண்டு. உடனே நிறுத்திப் பிரியுங்கள்.

லேத் கடையில் புஷ் போடக் கொடுக்கும்போது உங்கள் மெயின் ஷாஃப்டையும் சேர்த்துக் கொடுங்கள். எண்ணெய் தடவிய ஷாஃப்டை உள்ளே விட்டால் தன் எடையிலேயே மெல்ல இறங்க வேண்டும், அதே சமயம் பக்கவாட்டில் ஆட்டினால் கடகடவென்று ஆடக்கூடாது.

எல்லாம் மாட்டிவிட்டேன். இரண்டு கியர்தான் விழுகிறது.

இது பெரும்பாலும் மாட்டும்போது நேர்ந்த பிழை. ஃபோர்க்கின் இரண்டு கரங்களில் ஒன்று தன் கியரின் பள்ளத்தில் உட்காராமல் வெளியே நிற்கலாம். நகரும் கியர் ஒன்று திருப்பி மாட்டப்பட்டிருக்கலாம், டாக் இருக்கும் பக்கம் எதை நோக்கியிருக்கிறது என்று பாருங்கள். பிரிக்கும்போதே ஒவ்வொரு அடியாகக் கைபேசியில் படம் எடுத்து வைத்தால் இந்தத் தலைவலி வராது. இன்னொரு வழி, பழைய சேலைத் துணியை மேசையில் விரித்து, கழற்றிய வரிசையிலேயே, கழற்றிய திசையிலேயே அடுக்கி வைப்பது. நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

தண்டுகளையும் ஃபோர்க்கையும் தனித்தனியாக ஏற்றப் பார்க்காதீர்கள். லே ஷாஃப்ட் கியர்களையும் ஃபோர்க்கையும் கையில் ஒன்றாகப் பிடித்துச் சேர்த்து நுழைப்பதே எளிது. நுழைத்ததும், மூடியை வைக்கும் முன், ஃபோர்க்கை விரலால் கோடி முதல் கோடி வரை நகர்த்திப் பாருங்கள்.

மூடியை இறுக்கியதும் தண்டுகள் சுழல மறுக்கின்றன.

உள்மூடியின் பேக்கிங் எவ்வளவு தடிமனோ அதைப் பொறுத்துத்தான் தண்டுகளின் முன்பின் ஆட்டம். பேக்கிங் இல்லாமல் வெறும் பசையை மட்டும் பூசி மாட்டினால் லே ஷாஃப்ட் நெருக்குண்டு இறுகும். தடித்த பேக்கிங் போட்டால் தண்டு முன்பின் அலைந்து கியர் கழலும். என் இரண்டாவது வீண்வேலை இதனால்தான்: ஒழுகக்கூடாதே என்று இரண்டு பேக்கிங்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தேன். மூடியின் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் மெயின் ஷாஃப்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். எந்தச் சுற்றில் கனக்கிறதோ அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

கிரீஸ் போடுவதா, எண்ணெய் விடுவதா?

பழைய முறை, இளகிய கிரீஸ். அதற்குப் பதில் சக்கர பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸை அடைத்தால், கியர்கள் சுழன்று அதில் பள்ளம் வெட்டிக்கொண்டு வறண்டு ஓடும், கிரீஸ் சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். வெறும் 90 எண் கியர் எண்ணெய் கியருக்கு மிக நல்லது. ஆனால் இந்தப் பெட்டியில் ஸ்லீவ் கியர் புஷ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நான் கூழ் பதத்துக் கிரீஸும் 90 எண்ணெயும் கலந்து விடுகிறேன், கலவை தேன் போல ஒழுக வேண்டும். மாதம் ஒரு முறை அளவைப் பார்த்து நிரப்புவது ஐந்து நிமிட வேலை.

உதிரி பாகங்களை எங்கே வாங்குவது? பழைய கியர் வாங்கலாமா?

சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் புதியது, புதுப்பேட்டையில் பழையது. நல்ல நிலையில் உள்ள பழைய கியரை நான் தயங்காமல் வாங்குவேன், டாக் விளிம்பு மட்டும் கூராக இருக்க வேண்டும். ஸ்பிரிங், புஷ், பேரிங், பேக்கிங் ஆகியவற்றைப் பழையதாக ஒருபோதும் வாங்க வேண்டாம். கடைக்குப் போகும்போது உங்கள் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போய், பற்களை எண்ணி, துளையைச் சேர்த்து வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டிய பிறகு எப்படி ஓட்டிப் பார்ப்பது?

முதலில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரம் தரையைத் தொடாமல் இருக்க, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு நான்கு கியரும் ஏற்றி இறக்குங்கள். பத்து நிமிடம் கழித்து, என்ஜினை நிறுத்திவிட்டுப் பெட்டியின் இடப்பக்கம், ஸ்ப்ராக்கெட்டுக்கு அருகில் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் புஷ்ஷைப் பாருங்கள். அடுத்து ஆளில்லாத சாலையில் 2ஆம் கியரில் திருகுவதும் விடுவதுமாகப் பத்து முறை, பிறகு 3ஆம் கியரில் அதே மாதிரி. கழலவில்லை என்றால் ஊருக்குள் ஓட்டலாம். 500 கிலோமீட்டர் ஓடியதும் பெட்டியில் உள்ளதை வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். புது புஷ்ஷின் மெல்லிய பித்தளைப் பொடி தெரிவது இயல்பு. கையில் நெருடும் இரும்புத் துணுக்கு இருந்தால் மூடியைத் திறக்க வேண்டும்.